சிகரெட்டை விட்டொழிக்கச் செயலி கைகொடுக்குமா?

வாசகர் கேள்வி – பதில்

புகைப்பழக்கத்திலிருந்து விடுபட விரும்பும் இளவயதினருக்குச் செல்போன் செயலிகள் எந்த அளவுக்கு உதவும் என்று கேட்டு வந்த கடிதங்களில், ஒரே பொருளைப் பேசுபவற்றைச் சேர்த்து இங்கே பதில் அளிக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது 22. நாளொன்றுக்கு எட்டு, பத்து சிகரெட் பிடிக்கிறேன். விட்டுவிட வேண்டும் என்று ஒரு செயலியைத் தரவிறக்கினேன். எத்தனை நாள் ஆயிற்று, எவ்வளவு பணம் மிச்சம் என்று ஒரு வாரம் காட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதைத் திறக்கவே தோன்றவில்லை, பழக்கமும் போகவில்லை. இவற்றால் உண்மையில் பயன் உண்டா, அல்லது இதுவும் ஒரு வியாபாரம்தானா?

பதில்: வியாபாரமும் உண்டு, பயனும் உண்டு. எது எவ்வளவு என்பதைச் செயலிக்குக் கிடைத்திருக்கும் நட்சத்திரங்களை வைத்துச் சொல்ல முடியாது. புகைப்பவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் செயலியையும் மற்றதற்கு வேறொன்றையும் கொடுத்து, ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து இரு பக்கமும் எத்தனை பேர் விட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்த ஆய்வுகளை வைத்துத்தான் சொல்ல முடியும். அவற்றில் உங்கள் வயதினருக்கு நேரடியாகப் பொருந்துவது, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு. 19 முதல் 29 வயது வரையுள்ள 1599 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு இளைஞர்களுக்கென்றே உருவாக்கப்பட்ட ‘க்ரஷ் த க்ரேவ்’ என்ற செயலி தரப்பட்டது. மற்றவர்களுக்கு ஒரு சுய உதவிக் கையேடு தரப்பட்டது. 2018இல் வெளியான முடிவு செயலியை நம்பியவர்களுக்கு உவப்பானதாக இல்லை. 6 மாதங்களுக்குப் பிறகு செயலிப் பிரிவில் 7.8 சதவீதம் பேரும், கையேட்டுப் பிரிவில் 9.2 சதவீதம் பேரும் புகைப்பதை விட்டிருந்தார்கள். இவ்வளவு சிறிய வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது என்பதால் கையேடு வென்றது என்று சொல்லக்கூடாது. செயலி வெல்லவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 2019இல் வெளியிட்ட மதிப்பாய்வில் இதே போன்ற முடிவுக்குத்தான் வந்தது. அதுவரை செயலிகளைப் பற்றிக் கிடைத்திருந்த ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, செயலியால் கூடுதல் பலன் கிடைத்ததற்குச் சான்று இல்லை. ஆனால் அதே மதிப்பாய்வில், பழைய குறுஞ்செய்தி முறை நன்றாகத் தேறியது. பிரிட்டனில் 5800 பேரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ‘டெக்ஸ்ட் டு ஸ்டாப்’ ஆய்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. புகைப்பதை நிறுத்த ஊக்கமும் யோசனையும் தரும் குறுஞ்செய்திகளைப் பெற்றவர்களில் 10.7 சதவீதம் பேர் 6 மாதம் தொடர்ந்து விலகி நின்றார்கள். அவற்றைப் பெறாதவர்களில் 4.9 சதவீதம் பேர்தான் நின்றார்கள். வாய்ச்சொல்லை நம்பாமல் உமிழ்நீரைச் சோதித்து உறுதி செய்த எண்கள் இவை.

பளபளப்பான செயலி தோற்ற இடத்தில் வெறும் எழுத்துகள் ஏன் வென்றன? செயலி நீங்கள் திறந்தால்தான் பேசும்; குறுஞ்செய்தி தானாக வந்து கதவைத் தட்டும் என்பதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சிகரெட் வேண்டும் என்று மனம் துடிக்கும் நேரத்தில், அதற்கு எதிராகப் பேசப்போகும் ஒன்றைத் தேடித் திறக்கிற அளவுக்கு யாருக்கும் நிதானம் இருப்பதில்லை. உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. நாள் எண்ணிக்கையும் மிச்சமான பணமும் நடந்து முடிந்ததைத்தான் காட்டும். அடுத்த பத்து நிமிடத்தைக் கடக்க அவை எதுவும் கற்றுத் தருவதில்லை.

அதற்காகச் செயலிகளைத் தள்ளிவிடவும் வேண்டாம். 2020இல் அமெரிக்காவின் பிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்தினர் 2415 பேரிடம் நடத்திய ஆய்வில் ‘ஐகேன்க்விட்’ என்ற செயலியைப் பெற்றவர்களில் 28 சதவீதம் பேர், 12ஆம் மாதத்தில் விசாரித்தபோது, அதற்கு முந்தைய 30 நாட்களில் புகைக்கவில்லை என்றார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ‘க்விட்கைடு’ செயலியைப் பெற்றவர்களிடம் அந்த எண் 21 சதவீதம். இவை அவரவர் சொன்ன கணக்கு என்பதையும், கலந்துகொண்டவர்கள் எல்லா வயதினரும் என்பதையும் மறக்க வேண்டாம். இருந்தாலும், ஒரு செயலிக்கும் இன்னொரு செயலிக்கும் இவ்வளவு இடைவெளி இருக்க முடியும் என்பது கவனிக்கத்தக்கது. எந்த உதவியும் இல்லாமல் மனவுறுதியை மட்டும் நம்பி நிறுத்துபவர்களில், 6 முதல் 12 மாதம் வரை தாக்குப்பிடிப்பவர்கள் 100க்கு 3 முதல் 5 பேர்தான். அந்தப் பின்னணியில் பார்த்தால், 100க்கு ஐந்தாறு பேரைக் கூடுதலாகக் கரையேற்றும் கருவிகூட அற்பமானதாகாது.

கேள்வி: தேடினால் நூற்றுக்கணக்கில் செயலிகள் வருகின்றன. எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதல் திரையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். 2011இல் ஐஃபோனுக்கான 47 புகை நிறுத்தச் செயலிகளை ஆய்வாளர்கள் அலசியபோது, அவற்றில் பெரும்பாலானவை மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கும் அடிப்படை உதவிகளைக்கூடச் சரிவரத் தரவில்லை என்று தெரிந்தது. ஆலோசகரின் தொலைபேசி உதவிக்கு வழிகாட்டுதல், மருந்துகளைப் பற்றிச் சொல்லுதல் போன்றவையே பல செயலிகளில் இல்லை. அதன் பிறகு செயலிகளின் தோற்றம் வெகுவாக மாறிவிட்டது; உள்ளடக்கமும் அதே அளவுக்கு மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் முதலில் பார்ப்பது, அந்தச் செயலியை யார் உருவாக்கினார்கள், அதை வைத்து ஆய்வு ஏதும் நடந்திருக்கிறதா என்பதை. பல்கலைக்கழகமோ அரசின் சுகாதாரத் துறையோ புற்றுநோய் மையமோ பின்னால் இருந்தால் அதற்கென்று ஒரு மதிப்பெண் தரலாம். அடுத்து, நிறுத்தும் நாளை நீங்களே குறிக்க அது கேட்கிறதா, எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த மனநிலையில் புகைக்கிறீர்கள் என்று விசாரிக்கிறதா, உந்துதல் வரும்போது செய்ய ஒரு பயிற்சியைக் கற்றுத்தருகிறதா என்று பாருங்கள். நிக்கோட்டின் சூயிங்கம், மருந்து மாத்திரை ஆகியவற்றைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ‘எங்கள் முறை ஒன்றே போதும்’ என்று அடித்துச் சொல்லும் செயலியை அப்போதே நீக்கிவிடலாம். ‘ஏழே நாளில் விடுதலை’ என்பவற்றைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

மேலே சொன்ன ஐகேன்க்விட்டின் அடிப்படை வேறானது. பழைய செயலிகள் உந்துதலைத் தவிர், கவனத்தைத் திருப்பு, அதை எதிர்த்துப் போராடு என்றுதான் சொல்லும். இதுவோ, உந்துதல் வருவதைத் தடுக்க முடியாது, அது வரட்டும், வந்ததைக் கவனித்தபடி புகைக்காமல் இருக்கப் பழகு என்கிறது. உளவியலில் இதை ஏற்பு மற்றும் உறுதிப்பாட்டுச் சிகிச்சை என்பார்கள். அடக்க அடக்க எண்ணம் பெருகும் என்பது நம் எல்லோருக்கும் அனுபவத்தில் தெரிந்ததுதானே. ஆனால் இதே பாணியில் மனக்குவிப்பைக் கற்றுத்தரும் எல்லாச் செயலியும் ஆய்வில் தேறிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ‘க்ரேவிங் டு க்விட்’ என்ற செயலியைப் பயன்படுத்தியவர்கள், தம் உந்துதலை வெறுமனே பதிவு செய்துவந்தவர்களைவிட அதிக எண்ணிக்கையில் விடவில்லை. அந்தப் பதிவுக்கே ஒரு பலன் இருக்கக்கூடும் என்று இதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு.

கேள்வி: செயலி சொல்வதெல்லாம் படிக்கும்போது புரிகிறது. ஆனால் அந்த ஐந்து நிமிடம் வரும்போது எல்லாம் மறந்துபோகிறது. அந்த நேரத்தில் கையில் இருக்கும் போனை வைத்துக்கொண்டு உண்மையில் என்னதான் செய்ய வேண்டும்?

பதில்: இந்தக் கடிதக் கட்டின் மிக நல்ல கேள்வி இதுதான். அந்த ஐந்து நிமிடத்துக்கான வேலையில் முக்கால் பங்கை அதற்கு முன்பே செய்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் பதில்.

நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்து, புகைக்கும் ஒவ்வொரு சிகரெட்டையும் செயலியில் பதிவு செய்யுங்கள். குறைக்க முயல வேண்டாம், வழக்கம்போலவே புகையுங்கள். நேரம், இடம், உடன் இருந்தவர், அது எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு ஒன்று முதல் ஐந்து வரை ஒரு மதிப்பெண், இவ்வளவு போதும். பற்ற வைப்பதற்கு முன்பே பதிவு செய்வது முக்கியம். முடித்த பிறகு எழுதினால் எல்லாவற்றுக்கும் ‘மூன்று’ என்றுதான் எழுதத் தோன்றும். வார முடிவில் அந்தப் பட்டியலைப் பார்த்தால், பத்தும் ஒரே மாதிரியானவை அல்ல என்று புலப்படும். எழுந்தவுடன் பிடிப்பது ஐந்து வாங்கியிருக்கும். சாப்பிட்ட பின் பிடிப்பது நான்கு. யாருக்காகவோ காத்திருக்கும்போது பிடித்ததும், நண்பர் நீட்டியதால் பிடித்ததும் ஒன்றோ இரண்டோதான் வாங்கியிருக்கும். ரத்தத்தில் இருக்கும் நிக்கோட்டின் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், இரவு முழுவதும் தூங்கி எழும்போது உடலில் மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கும். காலைச் சிகரெட் அத்தனை வலிமையாக அழைப்பது அதனால்தான். ஆகவே செயலியின் உதவியை எல்லா நேரத்துக்கும் பரப்பாமல், ஐந்தும் நான்கும் வாங்கிய இடங்களில் குவியுங்கள்.

அடுத்து, போனை ஒழுங்கு செய்யுங்கள். செயலியின் படம் முதல் திரையில், கட்டைவிரல் தானாகப் போய் விழும் இடத்தில் இருக்கட்டும். அங்கே இப்போது எந்தச் செயலி இருக்கிறதோ அது மூன்றாம் திரைக்குப் போகட்டும். நாள் முழுவதும் நாற்பது அறிவிப்புகள் வந்து குவியும் போனில் நாற்பத்தொன்றாவதாக வரும் ‘நீங்கள் வலிமையானவர்’ என்ற செய்தியை யாரும் படிப்பதில்லை. எனவே மற்றவற்றின் அறிவிப்புகளை இரண்டு வாரத்துக்காவது அடக்கி வையுங்கள். நினைவூட்டலை, வழக்கமாகப் பற்ற வைக்கும் நேரத்துக்கு வைக்காமல் அதற்குப் பத்து நிமிடம் முன்னதாக வையுங்கள். பற்ற வைக்கும் நேரத்தில் வரும் அறிவுரை எரிச்சலைத்தான் தரும். பத்து நிமிடம் முன்னால் வருவது, நடக்கும் பாதையை மாற்றிக்கொள்ள அவகாசம் தரும்.

அந்த நினைவூட்டலின் வாசகத்தை நீங்களே எழுதுங்கள். ‘இது நடந்தால் நான் அதைச் செய்வேன்’ என்ற அமைப்பில் முன்கூட்டியே முடிவெடுத்து வைப்பவர்கள், பொதுவாக உறுதி எடுப்பவர்களைவிட நினைத்ததைச் செய்து முடிக்கிறார்கள் என்பது பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகளில் தொடங்கிப் பலராலும் உறுதிப்படுத்தப்பட்ட ஒன்று. ‘இன்று புகைக்க மாட்டேன்’ என்று எழுதாமல், ‘வகுப்பு முடிந்து படியிறங்கும்போது கை சட்டைப்பைக்குப் போனால், நேரே நூலகத்துக்குப் போய் ஒரு குவளை தண்ணீர் குடிப்பேன்’ என்று எழுதுங்கள். இடம், உடலின் அசைவு, மாற்றுச் செயல் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் உந்துதல் வரும். வரும்போது செயலியில் ஐந்து நிமிடக் கடிகாரத்தை ஓடவிடுங்கள். உந்துதல் ஏறி, உச்சத்தில் சற்று நின்று, பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகத் தணிந்துவிடும். அந்த நேரத்தில் அது உடலின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று கவனியுங்கள். தொண்டையில் ஒரு வறட்சியா, மார்பில் இறுக்கமா, விரல் நுனிகளில் குறுகுறுப்பா, வாயில் உமிழ்நீர் ஊறுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அதைச் செயலியில் ஒரு சொல்லாக எழுதுங்கள். எழுதி முடிக்கும்போது கடிகாரத்தில் பாதி நேரம் போயிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே புகைப்பது உங்கள் வழக்கமாக இருந்தால், போனைக் கையில் எடுப்பதே உந்துதலைக் கிளப்பக்கூடும். அப்படிப்பட்டவர்கள் திரையைப் பார்க்காமல் காதில் கேட்கும் வகையிலான பயிற்சியைப் பயன்படுத்தலாம். அல்லது மேலே சொன்ன வாசகத்தை ஒரு சிறு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் சிகரெட் இருந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். செயலிதான் உதவ வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை.

கேள்வி: நான் தினமும் புகைப்பவன் அல்ல. வார இறுதியில் நண்பர்களோடு சேரும்போது இரண்டோ மூன்றோதான். எனக்கும் இந்தச் செயலியெல்லாம் தேவையா?

பதில்: புகையை விட வேண்டியது தேவை, செயலி தேவையா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். நாளொன்றுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவர்களின் நிலை பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, 20 சிகரெட் பிடிப்பவருக்கு உள்ள கூடுதல் இதய நோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி, ஒரு சிகரெட்டிலேயே வந்துவிடுகிறது என்று காட்டியது. இருபதில் ஒரு பங்கு புகைத்தால் இருபதில் ஒரு பங்கு ஆபத்துதான் என்ற கணக்கு இதயத்திடம் செல்லாது. வாரத்துக்கு மூன்று என்பது அதைவிடக் குறைவுதான். ஆனால் இன்று தினமும் பத்து பிடிப்பவர்களில் பலர், தொடங்கும்போது நண்பர்களோடு மட்டும் பிடித்தவர்கள்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

உங்களைப் போன்றவர்களுக்கு நாள் எண்ணும் செயலி பொருந்தாது. ஐந்து நாள் தானாகவே கூடும்; ஆறாம் நாள் கவிழும். இடத்தை வைத்து இயங்கும் வகை பொருந்தலாம். பிரிட்டனில் ஆய்வுக்காக உருவாக்கப்பட்ட ‘க்யூ சென்ஸ்’ என்ற செயலி, நீங்கள் எங்கெங்கே புகைத்தீர்கள் என்பதைப் பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்டு, நிறுத்திய பிறகு அந்த இடத்தை நெருங்கும்போது தானாகச் செய்தி அனுப்பும் வகையில் அமைக்கப்பட்டது. நீங்கள் பயன்படுத்தும் செயலியில் அந்த வசதி இல்லாவிட்டால், நண்பர்களைச் சந்திக்கும் நாளன்று புறப்படும் நேரத்துக்கு ஒரு நினைவூட்டலை வைத்து, யாராவது சிகரெட்டை நீட்டினால் சொல்லப்போகும் ஒற்றை வாக்கியத்தை அதில் எழுதி வையுங்கள். ‘விட்டுவிட்டேன்’ என்பது ‘இன்று வேண்டாம்’ என்பதைவிட நன்றாக வேலை செய்யும்; இரண்டாவதைச் சொன்னால் அடுத்த வாரமும் நீட்டுவார்கள்.

கேள்வி: 19 நாள் புகைக்காமல் இருந்தேன். தேர்வு முடிந்த அன்று ஒன்றே ஒன்று பிடித்தேன். நேர்மையாகச் செயலியில் பதிவு செய்தேன். உடனே என் 19 நாளும் பூஜ்யமாகிவிட்டது. மனம் வெறுத்து அன்று மாலையே ஒரு பாக்கெட் வாங்கிவிட்டேன், செயலியையும் நீக்கிவிட்டேன். மறுபடியும் தொடங்கலாமா?

பதில்: இன்றைக்கே தொடங்கலாம். உங்களைக் கவிழ்த்ததில் அந்த ஒற்றைச் சிகரெட்டுக்கு இருந்த பங்கைவிட, பூஜ்யத்துக்கு இருந்த பங்கு பெரியது.

அடிமைப் பழக்கங்களை ஆராய்ந்த ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒரு சறுக்கலுக்கும் முழுமையாகப் பழைய பழக்கத்துக்குத் திரும்புவதற்கும் நடுவில் ஒரு மனநிலை இருப்பதைக் காட்டினார். ‘விரதம் கலைந்துவிட்டது, நான் இவ்வளவுதான், இனி எத்தனை பிடித்தால் என்ன’ என்ற நினைப்புதான் அது. ஒரு சிகரெட்டைப் பாக்கெட்டாக மாற்றுவது அந்த நினைப்பு. நேர்மையாகப் பதிவு செய்தவரின் 19 நாளையும் துடைத்துக் காட்டும் செயலி, அந்த நினைப்புக்கு எண்களால் சாட்சி சொல்கிறது. பொய் சொன்னவருக்கோ அதே செயலி பதக்கம் தருகிறது. இந்த வடிவமைப்பை நான் சிறிதும் ஏற்கவில்லை. கடந்த 20 நாட்களில் 19 நாள் புகைக்கவில்லை என்று காட்டுவதுதான் உண்மைக்கு நெருக்கமானது. அப்படிக் காட்டும் செயலியாகப் பார்த்து எடுங்கள். கிடைக்காவிட்டால் நாட்காட்டியில் புகைக்காத நாட்களுக்கு ஒரு கோடு போட்டு வாருங்கள், அதைத் துடைக்க யாராலும் முடியாது.

டொராண்டோ ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஒரு கணக்கீட்டின்படி, வெற்றிகரமாக விடுவதற்கு முன் ஒருவர் 30 முறைகூட முயன்றிருக்கக்கூடும். சில மணி நேரம் நீடித்த முயற்சிகளும் அதில் சேர்த்தி. எல்லோருக்கும் அத்தனை முறை தேவைப்படும் என்று கொள்ள வேண்டாம். உதவி ஏதும் இல்லாமல் நிறுத்துபவர்களில் பெரும்பாலோர் முதல் எட்டு நாட்களுக்குள்ளேயே மீண்டும் தொடங்கிவிடுகிறார்கள். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பத்து நாளுக்கு மேல் நடந்திருக்கிறீர்கள். எங்கே வழுக்கியது என்றும் உங்களுக்குத் தெரியும்: துன்பத்தில் வழுக்கவில்லை, கொண்டாட்டத்தில் வழுக்கியிருக்கிறீர்கள். அடுத்த முறை செயலியில் பதிய வேண்டிய முதல் குறிப்பு அதுதான்.

கேள்வி: நான் புகைப்பது வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் தெரியாது. செயலியில் பதிவு செய்வது வெளியே போகுமா?

பதில்: போக வாய்ப்புண்டு. மனச்சோர்வுக்கும் புகை நிறுத்தத்துக்குமான 36 பிரபலமான செயலிகளைச் சோதித்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, அவற்றில் 29 செயலிகள் கூகுள், ஃபேஸ்புக் ஆகிய நிறுவனங்களின் விளம்பர, பகுப்பாய்வுச் சேவைகளுக்குத் தரவுகளை அனுப்பியதைக் கண்டறிந்தது. அதைப் பயனரிடம் ஒழுங்காகச் சொன்னவை அவற்றில் பாதிகூட இல்லை. இதன் பொருள் உங்கள் மேலாளருக்குச் செய்தி போகும் என்பதல்ல. உங்கள் போனை அடையாளம் காட்டும் எண்ணோடு ‘புகைப்பவர்’ என்ற குறிப்பும் சேர்ந்து எங்கோ பதிவாகக்கூடும் என்பதுதான். புனைபெயரையும் தனி மின்னஞ்சலையும் பயன்படுத்துங்கள். தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். இருப்பிட அனுமதி, இடத்தை வைத்து உதவும் செயலியாக இருந்தால் மட்டும் தரலாம். சமூக ஊடகக் கணக்கின் வழியாக உள்நுழைய வேண்டாம்.

கேள்வி: ஒரேயடியாக விடுவது நல்லதா, செயலியின் அட்டவணைப்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது நல்லதா?

பதில்: ஒரு நாளைக் குறித்துக்கொண்டு ஒரேயடியாக விடுவது. பிரிட்டனில் 697 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், 6 மாதத்துக்குப் பிறகு ஒரேயடியாக விட்டவர்களில் 22 சதவீதமும், இரண்டு வாரம் படிப்படியாகக் குறைத்து விட்டவர்களில் 15.5 சதவீதமும் புகைக்காமல் இருந்தார்கள். இரு சாராருக்கும் நிக்கோட்டின் மாற்று மருந்தும் (நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை போன்றவை) ஆலோசனையும் கிடைத்தன. ஒரேயடியாக விடவே முடியாது என்பவர் குறைத்து விடட்டும்; விடாமலே இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

கேள்வி: செயலி இருக்கும்போது நிக்கோட்டின் சூயிங்கமும் மாத்திரையும் எதற்கு? ஒரு நிக்கோட்டினை விடுவதற்கு இன்னொரு நிக்கோட்டினா?

பதில்: செயலி பழக்கத்தோடு பேசும், உடலின் நிக்கோட்டின் பசியோடு அதனால் பேச முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில், வயது வந்தோர் புகையிலையை விடுவதற்கான தன் முதல் மருத்துவ வழிகாட்டுதலை வெளியிட்டது. நிக்கோட்டின் மாற்று மருந்தையும், வரெனிக்லின், புப்ரோபியான், சைட்டிசின் என்ற மாத்திரைகளையும் அது பரிந்துரைத்தது. குறுஞ்செய்தி, செயலி போன்றவற்றை ஆலோசனையோடு சேர்த்தோ தனித்தோ பயன்படுத்தலாம் என்றது. ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று என்று அதில் இல்லை.

நோயைத் தருவது பெரும்பாலும் எரியும் புகையில் உள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும் பிறவும்தான், அடிமைப்படுத்துவது நிக்கோட்டின். சூயிங்கமும் பட்டையும் எரியும் புகை இல்லாமல், சிகரெட்டைவிட மெதுவாக, குறைந்த அளவு நிக்கோட்டினைத் தந்து, சில வாரங்களில் அதையும் குறைத்து நிறுத்த வழிசெய்கின்றன. எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைத் தேடுபவருக்கு 4 மில்லிகிராம் சூயிங்கமும், அதற்குப் பிறகு தேடுபவருக்கு 2 மில்லிகிராமும் பொதுவாகச் சொல்லப்படும் அளவுகள். பலர் ‘பயன் இல்லை, நெஞ்செரிச்சல்தான் வந்தது’ என்று கைவிடுவது, சாதாரணச் சூயிங்கத்தைப் போல விடாமல் மெல்லுவதால்தான். மெதுவாக மென்று, சுருக்கென்ற காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மீண்டும் சில முறை மென்று, வேறு பக்கம் ஒதுக்க வேண்டும். நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ரத்தத்தில் சேர வேண்டும். விழுங்கிய உமிழ்நீரோடு போனால் வயிற்றுக்குத்தான் தொல்லை. வரெனிக்லின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் எழுதித்தராமல் எடுக்கக்கூடாது. கர்ப்பிணிகளும், இதய நோய், வலிப்பு, மனநலப் பிரச்சினை உள்ளவர்களும் எதைத் தொடங்கும் முன்பும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரு சிறு தகவல், செயலிகள் அரிதாகவே சொல்வது. காபியில் உள்ள காஃபீனைக் கல்லீரல் சிதைக்கும் வேகத்தைப் புகை கூட்டிவிடும். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்து, வழக்கமாகக் குடிக்கும் அதே அளவு காபி உடலில் அதிக நேரம் தங்கும். முதல் வாரத்துப் படபடப்பும் தூக்கமின்மையும் முழுக்க நிக்கோட்டின் விலகலால்தான் என்று எண்ணி மீண்டும் பற்ற வைப்பவர்கள், காபியைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கட்டும்.

கேள்வி: என் மகனுக்கு வயது 20. அவன் புகைப்பது எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். அவன் போனில் நானே ஒரு செயலியை ஏற்றிக் கொடுக்கலாமா? அது அவன் புகைத்தால் எனக்குத் தெரிவிக்குமா?

பதில்: ஏற்றிக் கொடுக்க வேண்டாம் அம்மா. தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையின் போனில் நீங்கள் வைக்கும் செயலி, அவர் கண்ணுக்கு வேவு பார்க்கும் கருவியாகத்தான் தெரியும். இந்தச் செயலிகளில் பெரும்பாலானவை புகைப்பவர் தாமே சொல்லும் கணக்கை நம்பித்தான் இயங்குகின்றன. விருப்பமில்லாதவர் சொல்லும் கணக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு முறை, கோபம் இல்லாத நேரத்தில், விட வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது வந்ததுண்டா என்று மட்டும் கேளுங்கள். பயமுறுத்தும் படங்களைவிட, ரிச்சர்ட் டால், ரிச்சர்ட் பீட்டோ என்ற ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2004இல் சொன்ன கணக்கு அவருக்கு உதவலாம். வாழ்நாள் முழுவதும் புகைப்பவர்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழக்கிறார்கள். 30 வயதையொட்டி நிறுத்தியவர்கள் அந்த இழப்பை ஏறக்குறைய முழுவதும் மீட்டுக்கொள்கிறார்கள். 20 வயதில் இது நல்ல செய்தி. முயலலாம் என்று அவர் சொன்னால், இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். செயலியையும் நாளையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். சில செயலிகளில் உதவியாளர் ஒருவரைச் சேர்க்கும் வசதி உண்டு. அதில் உங்களைச் சேர்ப்பதா, நண்பரைச் சேர்ப்பதா என்பதும் அவர் முடிவாகவே இருக்கட்டும்.

நாள் குறித்த பிறகு முதல் ஒன்றிரண்டு வாரம் எரிச்சலும் சிடுசிடுப்பும் தூக்கக் கலக்கமும் இருக்கும். முதல் சில நாட்களில் அவை உச்சத்தில் இருந்து, இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாக அடங்கும். அந்த நாட்களில் அவர் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் பொருட்படுத்த வேண்டாம். ‘இன்றைக்குப் பிடித்தாயா’ என்று மாலையில் விசாரிக்கவும் வேண்டாம். அதைக் கேட்கும் வேலையைச் செயலிக்கு விட்டுவிடுங்கள்.